ஓசையும் உள்ளமும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் உரைவடிவம்)

திருச்சிற்றம்பலம்



சேர்வராயன் மலைமேல் மழைக்காலத்தில் ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும். வழிந்த நீர் ஓடையாய் இறங்கிக் கிளியூரை அடைந்து, ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்றும் அருவியாய் வீழும். செங்குத்தான காட்டுவழியே இறங்கிச் செல்வார்க்கு, அருவி கண்ணிற் படுமுன்னரே அதன் ஓசை செவியை எட்டிவிடும். வழக்கும் வாணிகமும் கடனும் நோயும் நெஞ்சிற் சுமந்து சேலத்து வெயிலினின்றும் ஏறிவந்த ஒருவர், அவ்வோசையின் நடுவே ஒரு நாழிகை நின்றால், சுமை குறைந்தாற்போன்ற முகத்தோடு திரும்புகின்றார். அருவி நீரில் மருந்தெதுவும் கலந்திருக்கவில்லை. அவர்தம் வழக்கும் தீர்ந்துவிடவில்லை. பின்னர் அவருள்ளத்தில் மாறியது யாது?

இவ்வினாவை இன்று மருத்துவரும் பௌதிக அறிஞரும் எழுப்பி வருகின்றனர். ஓசையால் மூளையின் மின்னலைகளைத் தூண்டி மனநலத்தை வளர்த்தல் கூடுமோ என்பது அவர்தம் ஆராய்ச்சி. ஆராய்ச்சி முடியுமுன்னரே அதன் பெயரால் வாணிகமும் தொடங்கிவிட்டது. மன அமைதி தரும் ஒலிகள் என்று கைப்பேசிகளில் பலவகைப் பதிவுகள் விற்கப்படுகின்றன. கோயில் மணியும் ஓங்காரமும் எல்லா நோய்க்கும் மருந்தென விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது என மேடையில் முழங்குவாரும் உளர். இவற்றுள் மெய் எது, மிகை எது என ஆய்ந்து தெளிதல் திருக்கோயிலுக்குப் பொருள் வழங்கும் அன்பர்க்கு இன்றியமையாதது. கோயிலில் எவ்வோசை எழ வேண்டும் என்பதை உறுதி செய்யும் பொறுப்பில் அவர்க்கும் பங்குண்டு.

நாதம் பற்றிய சைவத் துணிபு

சைவ சித்தாந்தம் ஓசையைக் காற்றின் அசைவு மட்டுமாகக் கொள்வதில்லை. சுத்த மாயையினின்றும் முதற்கண் தோன்றுவது நாதம், அதனின்றும் விந்து. கூத்தப் பெருமானது திருக்கரத்து உடுக்கை படைத்தற்றொழிலைக் குறிக்கும் என்பது நூன்முடிபு. சொல்லானது சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்கு நிலைகளை உடையது. செவிக்குப் புலனாகும் வைகரி அவற்றுள் கடைப்பட்ட நிலை. அதற்கு முன்னரே உள்ளத்தின் ஆழத்தில் சொல் கருக்கொண்டிருக்கும். ஆகவே உள்ளத்தினின்றும் வெளியே வருவதும், வெளியினின்றும் உள்ளத்துட் புகுவதும் ஆகிய இரு வழியும் ஓசைக்கு உண்டென்பது முன்னோர் கண்ட உண்மை.

மேன்மழநாட்டுத் திருமங்கலத்தில் வாழ்ந்த ஆனாய நாயனார் பசுநிரை மேய்ப்பவர். பூத்து நின்ற கொன்றை மரம் ஒன்று அவர்க்குச் சிவபெருமானாகவே தோன்றிற்று. உள்ளம் உருகி அவர் வேய்ங்குழலில் திருவைந்தெழுத்தை வாசித்தார். மேய்ந்த ஆக்கள் மேய்தல் மறந்து நின்றன. பகைகொண்ட உயிர்கள் பகை மறந்து ஒன்றையொன்று சார்ந்து நின்றன எனச் சேக்கிழார் பெருமான் விரித்துரைப்பர். ஈண்டு ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நாயனாரின் உள்ளம் முதலில் உருகியது. குழலோசை அதன்பின் எழுந்தது. உருகாத உள்ளத்தினின்றும் வந்த ஓசை பிறரை உருக்கியதாகப் பெரியபுராணத்தில் யாண்டும் காணோம்.

கொல்லி மழவன் மகள்

இம்மலைக்குத் தெற்கே, சிறிது கிழக்காக, இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் அம்மலைக்குரியவனாய் வாழ்ந்தவன் கொல்லி மழவன். அவன்றன் அருமை மகளை முயலகன் என்னும் நோய் பற்றிற்று. உணர்வு மயங்கி உடல் வீழ்த்தும் இந்நோயை வலிப்பின் வகையாகவே அகராதி நூலார் கொள்வர்.

மகளின் துயர் கண்டு ஆற்றாத தந்தை, அவளைக் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருப்பாச்சிலாச்சிராமத் திருக்கோயிலுக்குக் கொணர்ந்து பெருமானது திருமுன்னர்க் கிடத்தினான். திருவாசி என இன்று வழங்கும் ஊர் அதுவே. அவ்வேளையில் திருஞானசம்பந்தப் பெருமான் அடியார் சூழ அங்கு எழுந்தருளினார். எதிர்கொண்டு வணங்கிய மழவனோடு திருக்கோயிலுட் புகுந்த பிள்ளையார், உணர்வொழிந்து நிலத்திற் கிடந்த கன்னியைக் கண்டு, "இஃது என்?" என வினவியருளினார். தந்தை உற்றது உரைத்தான். உடனே பிள்ளையார் பெருமானை நோக்கித் தக்கராகப் பண்ணில் ஒரு பதிகம் பாடினார். இப்பெண்ணை வாட்டுதல் பெருமானது பெருமைக்குத் தகுமோ என முறையிடும் பதிகம் அது. நோய் நீங்கிற்று. நிலத்தினின்றும் எழுந்த மகள் நடந்து வந்து தந்தையின் பக்கத்தில் நின்றாள். திருவாசிக் கோயிலில் கூத்தப் பெருமான் முயலகன்மீது நில்லாமல் பாம்பின்மீது நின்றாடும் கோலத்தை இவ்வரலாற்றோடு இயைத்துக் கூறுவது தலமரபு.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் உள. மழவன் மகளின் நோயைப் பழியென்று கருதி வீட்டின் உள்ளறையில் மறைத்து வைக்கவில்லை. பலர் கூடும் திருமுன்னருக்கே கொணர்ந்தான். பிள்ளையார் அவளை விலகிச் செல்லவில்லை. நின்று, கண்டு, வினவி, தந்தையின் சொல்லைச் செவிமடுத்தார். அதன் பின்னரே பாடினார். அருள் நிகழ்ச்சியைக் கருவிகொண்டு அளத்தல் நம் தொழிலன்று. ஆயின் பிறர் துயரைக் கேட்ட செவியின் பின்னரே பாட்டு எழுந்தது என்னும் முறைமை எந்நாளைக்கும் பொருந்துவது.

மூளையின் அலைகள்

இனி, இக்கால ஆராய்ச்சியை நோக்குவோம். ஜெர்மனி நாட்டு யேனா நகரில் மனநோய் மருத்துவராய் இருந்தவர் ஹான்ஸ் பெர்கர். அவர் 1924-ஆம் ஆண்டில் மனித மூளையினின்றும் எழும் நுண்ணிய மின்துடிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தார். நெடுநாள் ஐயுற்று மீண்டும் மீண்டும் சோதித்த பின்னர், 1929-இல் அதனை வெளியிட்டார். தலையின் மேற்பரப்பிற் காணும் அம்மின்னழுத்தம் ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறிட்டால் வரும் கூறுகளிற் சில பத்தே ஆகும்.

கண்மூடி அமைதியாய் இருப்பவர் மூளையில் விநாடிக்கு 8 முதல் 13 வரையான துடிப்புகள் எழுகின்றன. இவை ஆல்ஃபா அலைகள். கண்விழித்துக் கணக்கிடுங்கால் 13-க்கு மேல் 30 வரை விரையும் பீட்டா அலைகள் எழும். 4 முதல் 8 வரையுள்ளவை தீட்டா. துயில் மயக்கத்தில் அவை தோன்றும். 4-க்குக் குறைந்து மெல்ல வருபவை டெல்ட்டா. ஆழ்ந்த உறக்கத்திற்கு உரியவை.

இவ்வலைகள் பிறக்கும் வகையைத் திருவிழாக் கூட்டத்தைக்கொண்டு விளக்கலாம். ஆயிரம் பேர் தத்தமக்குத் தோன்றியவாறு பேசினால், தொலைவில் நிற்பார்க்கு வெற்றிரைச்சலே கேட்கும். அவரனைவரும் ஒருங்கே 'அரகர' என முழங்கினால், அது ஒரே ஓசையாய் மலைமேலும் எட்டும். எண்ணிறந்த நரம்பணுக்கள் ஒருங்கியைந்து துடிக்குங்கால் எழுவதே மூளையலை. ஆனால் இந்த ஒருமைப்பாடும் அளவோடு இருத்தல் வேண்டும். வலிப்பு நோயில் நரம்பணுக்களின் ஒருங்கிசைவு அளவிறந்து பெருகி மூளையைக் கவ்விக்கொள்கின்றது. முயலகன் என்று முன்னோர் பெயரிட்ட துயரத்தின் உடல்வழிக் காரணம் இதுவென இன்றைய மருத்துவம் காட்டுகின்றது.

விம்மலும் ஆராய்ச்சியும்

ஏறக்குறைய ஒத்த இரு சுருதிகள் ஒருங்கே ஒலித்தால், ஓசை எழுந்தும் தாழ்ந்தும் அலைவதைத் தம்புரா மீட்டுவோர் அறிவர். பௌதிக நூலார் இதனை விம்மல் என்பர். ஒன்று விநாடிக்கு 400 அதிர்வும் மற்றொன்று 410 அதிர்வும் உடையதாயின், விநாடிக்குப் பத்து விம்மல் தோன்றும். ஒரு செவிக்கு ஒரு சுருதியும், மறுசெவிக்கு வேறொரு சுருதியுமாகத் தனித்தனியே செலுத்தினாலும் விம்மல் கேட்பதை, ஹைன்ரிக் வில்ஹெல்ம் டோவ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1841-ஆம் ஆண்டளவில் கண்டார். வெளியிலே கலவாத இரண்டோசையும் இருசெவிச் செய்தியும் கூடுகின்ற மூளைத்தண்டில் கலக்கின்றன. காற்றில் இல்லாத விம்மல் கேட்பவர் மூளையில் தோன்றுகின்றது! 1973-இல் ஜெரால்ட் ஆஸ்டர் என்பார் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இதனை விளக்கி எழுதிய பின்னர் உலகின் கவனம் இதன்பால் திரும்பிற்று. பத்து விம்மலைக் கேட்பித்தால் மூளையும் பத்துத் துடிப்பிற்கு இணங்கி வந்து ஆல்ஃபா அமைதியை அடையும் என்பதே அதனின்றும் பிறந்த நம்பிக்கை.

நம்பிக்கை வேறு, நாட்டப்பட்ட உண்மை வேறு. 2023-ஆம் ஆண்டில் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியான தொகுப்பாய்வு, இருசெவி விம்மலுக்கு மூளையலை இணங்குமோ என்று சோதித்த 14 ஆய்வுகளைத் திரட்டி நோக்கியது. அவற்றுள் 5 ஆய்வுகள் இணங்கும் என்றன. 8 ஆய்வுகள் அதற்கு மாறாயின. ஒன்று இரண்டுங்கெட்ட முடிவினது. எனவே விம்மல் மூளையை இழுத்துச் செல்லும் என உறுதி கூறுவதற்கு இன்னும் இடமில்லை.

அவ்வாறாயின் பயனே இல்லையோ எனின், அற்றன்று. அறுவை மருத்துவத்திற்குக் காத்திருந்த நோயாளரிடம் நடத்திய ஆய்வொன்று 2005-இல் 'அனஸ்தீசியா' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. விம்மல் கலந்த இசையைக் கேட்டவர்க்கு அச்சத்தின் அளவு 26.3 விழுக்காடு குறைந்தது. விம்மல் கலவாத இசையைக் கேட்டவர்க்கு 11.1 விழுக்காடு, ஒன்றும் கேளாதார்க்கு 3.8 விழுக்காடு. கத்திக்கு அஞ்சி நடுங்கும் நெஞ்சிற்கு ஓசை ஓரளவு துணையாயிற்று என்பது இதனாற் பெறப்படும். அத்துணை எவ்வழியால் வந்தது என்பதே இன்னும் விளங்காதது. மூளையலையை இழுத்ததனால் வந்ததோ, தனித்துக் கலங்கிய மனம் தங்குவதற்கு ஓரிடம் கிடைத்ததனால் வந்ததோ, ஆராய்வார் ஆராய்க.

வலிப்பு நோய் பற்றியும் இத்தகைய வரலாறு ஒன்றுண்டு. மொசார்ட் என்னும் இசைமேதை 1781-இல் இரண்டு பியானோக்களுக்கு அமைத்த இசையொன்றைக் கேட்பித்தபோது, 29 நோயாளருள் 23 பேர்க்கு மூளையின் வலிப்புத் துடிப்புகள் குறைந்தன என 1998-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஹியூஸ் தெரிவித்தார். கொல்லி மழவன் மகளின் வரலாற்றைப் படித்தவர்க்கு இச்செய்தி மெய்சிலிர்ப்பைத் தரும். 'தேவாரம் மெய்யென்று விஞ்ஞானம் நிறுவிவிட்டது' என்று கூறவும் நாவெழும். ஆனால் 2023-இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தார் அவ்வகை ஆய்வுகளை ஒருங்கு வைத்து அளந்து, அம்முடிபுக்குப் போதிய சான்றில்லை என்றனர். ஆய்வின்மேற் சார்த்திக் கட்டிய பக்தி ஆய்வு சாய்ந்தால் தானும் சாயும். திருஞானசம்பந்தர் பதிகத்திற்கு மொசார்ட்டின் முட்டு வேண்டுவதில்லை.

இவ்வாராய்ச்சிகளுள் மிக நுட்பமானது 2013-இல் ஜெர்மானிய அறிஞர் செய்தது. உறங்குவார் மூளையில் விநாடிக்கு ஒன்றிற்கும் குறைவாக மெல்ல எழுந்து தாழும் பேரலையைக் கருவியால் இடைவிடாது கவனித்து, அலை எழும் தறுவாயில் மெல்லிய ஓசை ஒன்றை ஒலித்தனர். ஆழுறக்கத்து அலைகள் வலுவுற்றன. முன்னாள் மாலையிற் கற்ற சொற்களின் நினைவும் மேம்பட்டது. அதே ஓசையை அலைக்கு இயையாத நேரத்தில் ஒலித்தபோது அப்பயன் விளையவில்லை. சோதிக்கப்பட்டவர் 11 பேரே ஆயினும், இதன் கருத்து சிறந்தது. ஓசை தன் விருப்பப்படி முழங்கவில்லை. முதலில் மூளையின் நடையைச் செவிமடுத்தது. பின்னர்ச் சமயமறிந்து ஒலித்தது. பாடுவோரின் மூச்சறிந்து தட்டும் மிருதங்கக் கலைஞரின் தொழிலும் இதுவே. வினவிக் கேட்டபின் பாடிய பிள்ளையாரின் முறைமையும் இதனோடு ஒப்புநோக்கி மகிழத்தக்கது.

பாரத நாட்டு ஆய்வுகள்

2011-ஆம் ஆண்டில் பெங்களூர் தேசிய மனநல, நரம்பறிவியல் நிலையத்து அறிஞர்கள், நோயற்ற 12 பேரை ஓங்காரம் ஒலிக்கச் செய்து அவர்தம் மூளையைக் காந்தப் படக்கருவியால் ஆராய்ந்தனர். அச்சம், கலக்கம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய உட்பகுதிகளின் செயல் அவ்வேளையில் தணிந்தது. 'ஸ்ஸ்' என்னும் வெற்றொலியை அதே அளவு நீட்டியபோது அத்தணிவு காணப்படவில்லை. பன்னிருவரைக்கொண்டு உலகனைத்தையும் அளத்தல் இயலாது எனினும், திசைகாட்டும் ஆய்வு இது.

2001-இல் இத்தாலியில் 23 பேரிடம் நடந்த சோதனையில், கிறித்தவரின் செபமாலை வேண்டுதலும், பௌத்தரின் மந்திரமும் ஓதுவார் மூச்சை நிமிடத்திற்கு ஆறளவில் தாமே அமைத்தன. இதயத் துடிப்பிற்கும் குருதியழுத்தத்திற்கும் இடையே இசைவு பெருகிற்று. சொல் நீண்டால் மூச்சு நீளும். மூச்சு அடங்கினால் மனம் அடங்கும். திருமுறையை நிறுத்தி, நிதானமாக, பண்ணோடு ஓதுக என ஆசிரியர் வற்புறுத்தியதன் உடல்வழிப் பயன் இதனால் விளங்கும். விரைந்து ஓதி முடிப்பார்க்கு இப்பயன் இல்லை.

இவையனைத்தினும் வியக்கத்தக்கது 1961-இல் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்து ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு. தியானத்தில் ஆழ்ந்த யோகியர் சிலரது மூளையலைகளை அவர் பதிவு செய்தனர். யோகியர்பால் ஆல்ஃபா அலை தொடர்ந்து எழுந்தது. பேரோசை எழுப்பினர், ஒளியைப் பாய்ச்சினர், சுடுகண்ணாடியால் தொட்டனர். பிறர்க்கு இத்தகைய இடையூற்றால் உடனே கலையும் அவ்வலை, ஆழ்ந்த தியானத்தில் இருந்த அவர்க்குக் கலையவேயில்லை. மற்றையோர் உள்ளத்தை அமைதிப்படுத்த ஓசையை நாடுகின்றோம். அமைதியில் நிலைத்தவரையோ ஓசை அசைக்கவும் மாட்டாதாயிற்று!

நோயுற்றார் திறத்தில் கடமை

இவற்றால் துணியப்படுவது யாது? ஓசை உள்ளத்திற்குத் துணை. அது தனித்து நின்று நோய்தீர்க்கும் மருந்தன்று. உறக்கமிழந்து, உணவு வெறுத்து, உயிரையும் வெறுத்துப் பேசும் ஓரிளைஞனுக்குக் காதுக்கருவியை மாட்டிவிட்டு, 'இவ்வொலியைக் கேள், சரியாகும்' எனக் கூறி மருத்துவரிடம் காட்டாமல் நாள் கடத்துதல் பெருந்தீங்கு. 'கோயிலில் உட்கார்ந்தாற் போதும்' எனக் கூறுதலும் அத்தகையதே. வலிப்பு நோயருள் பத்துக்கு ஏழு பேர், முறையாக மருந்துண்டால், வலிப்பின்றி வாழ இயலும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அத்தகையோர் மின்னும் ஒளியும் துடிக்கும் ஓசையும் கலந்த கருவிகளை மருத்துவரைக் கேளாமற் கைக்கொள்ளலாகாது. மருந்தை அறியும் அறிவும் இறைவன் தந்ததே. மருத்துவரை நாடுதல் நம்பிக்கைக் குறைவு அன்று.

திருக்கோயிற்கு உரிய இடம் வேறொன்று உண்டு. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளர் 31 பேரை ஆய்ந்த அறிக்கை 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்க்கு அங்கே மருந்து தரப்படவில்லை, கோயிற்பணியில் எளிய பங்கு தரப்பட்டது, உறவினர் உடனிருந்தனர், எவரும் இகழவில்லை. சில வாரங்களில் நோயின் குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு தணிந்தன. மருந்தோடு இத்தகைய அன்பும் சேருமாயின் எத்துணை நலம் விளையும்! இதற்கு மறுதலையாக, 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் கொட்டகைத் தீயில் மாண்டனர். நோயுற்றாரைச் சங்கிலியிடுதல் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. சட்டம் கூறுமுன்னரே கொல்லி மழவன் வழிகாட்டியுள்ளான். அவன் மகளைக் கட்டி வைக்கவில்லை, திருமுன்னர்க் கொணர்ந்தான். நோயுற்ற பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துவரும் தாய்தந்தையர்க்குப் பிரகாரத்தில் நாணமின்றி அமர ஓரிடம் கிடைக்குமாயின், அக்கோயிலின் குடமுழுக்கு நிறைவுற்றதாகும்.

கோயிலில் எழ வேண்டிய ஓசை

இனிப் புரவலர் சிந்தைக்குரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. இந்நாளில் பல கோயில்களில் மின்விசையால் இயங்கும் மேளக்கருவி வைக்கப்பட்டுள்ளது. பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் தாளமும் ஒருங்கே அதிரும். வாசிப்பார் இல்லாக் குறைக்கு அன்பர் வழங்கிய நன்கொடை அது. அவர்தம் நோக்கத்தைப் பழித்தல் தகாது. ஆயினும் அக்கருவி எவர் மூச்சையும் அறியாது. தீபாராதனை நீண்டாலும் குறைந்தாலும் அதற்கு ஒன்றே. கைக்குழந்தை வீறிட்டாலும், கலங்கிய நெஞ்சினர் காதைப் பொத்திக்கொண்டாலும் அது தணிந்து ஒலிக்க மாட்டாது. திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சர். சி. வி. இராமன், மிருதங்கத்தின் வலந்தலையிற் பூசும் கரணை அதன் கிளையோசைகளை இசையொழுங்கிற்குக் கொணர்வதை ஆராய்ந்து 1920-இல் உலகிற்கு அறிவித்தார். தோலொன்றின் அதிர்வையும் செவிக்கு இனிதாக்க அத்துணை நுண்மை பயின்ற முன்னோரின் வழியில் வந்தோர், தகரத்தின் அதிர்வோடு அமைதல் பொருந்துமோ?

ஒலிபெருக்கியும் இத்தகையதே. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என எல்லை வகுத்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைப் பொதுவில் விலக்கியுள்ளன. உறங்குவார் உறக்கத்தைக் கெடுத்து எழும் பக்திப் பாடல் மனநலம் தாராது; பாடலின்மேல் வெறுப்பையே தரும்.

மாமன்னன் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் செய்த அறக்கட்டளையை ஈண்டு நினைத்தல் நன்று. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பேர், அவர்க்குத் துணையாக உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர் என 50 பேரை அவன் நியமித்தான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் மூன்று குறுணி நெல் எனக் கல்லிலும் வெட்டுவித்தான். வானளாவிய விமானம் எடுத்தவன், அதனுள் எழ வேண்டிய ஓசைக்கு உயிருள்ள மாந்தரையும், அம்மாந்தர்க்குச் சோற்றையும் வகுத்தான். பேரரசன் செய்ததை ஒரு சிற்றூர்க் கோயில் செய்தல் அரிது. ஆயின் ஓதுவார் ஒருவர்க்குத் திங்கள்தோறும் ஊதியம், ஊர்ச் சிறுவர் சிலர்க்கு வாரந்தோறும் பண்ணோடு திருமுறைப் பயிற்சி, ஒரு நாயனம், ஒரு தவில் ஆகியவற்றிற்கு நிலையான வைப்புநிதி என்பன, பத்துப் புரவலர் கூடினால் முடியும். பொன்வேய்ந்த கலசத்தைக் கண் காணும். இவ்வறம் செய்த கோயிலை உள்ளம் காணும்.

ஓசை ஒடுங்கும் இடம்

திருவைந்தெழுத்தை ஓதும் முறை மூவகைத்து. பிறர் கேட்க ஓதுதல் முதல்நிலை; தன் செவிக்கே கேட்க இதழசைத்து ஓதுதல் இரண்டாம் நிலை; நாவும் அசையாமல் நெஞ்சிற் கணித்தல் மூன்றாம் நிலை. பின்னதன் பின்னது சிறப்புடையது. ஓசையைப் பெருக்கிக்கொண்டே செல்லுதல் சைவ நெறியன்று. ஓசையைப் பற்றி ஏறி, ஓசை ஒடுங்கும் இடத்தை அடைதலே நெறி. கல்லாலின்கீழ் அமர்ந்த குருமூர்த்தி மோனத்தாலேயே ஐயம் அகற்றியதும், தில்லி மருத்துவர் எழுப்பிய பேரோசை யோகியரை அசைக்காததும் இவ்வுண்மையையே காட்டும்.

கோடையில் கிளியூர் அருவி மெலிந்து, ஏரி வற்றிய ஆண்டுகளில் ஓசையற்று நிற்கும். அப்பொழுது காட்டின் அமைதி அங்கே கேட்கும். மழைக்காலத்தில் அருவியோசையால் மனச்சுமை இறக்கியவர், கோடையின் அமைதியிலும் அவ்வாறே அமர்ந்திருக்கப் பயில்வாராயின், அவர் வந்த பயனைப் பெற்றவராவர். திருக்கோயில் மணி ஒலிக்கும்போது ஒருகணம் நின்று, அவ்வோசை தேய்ந்து தேய்ந்து மறையும் வரை செவிமடுத்து, மறைந்த இடத்தில் மனத்தை நிறுத்துக. அதற்கு விலையில்லை; கருவி வேண்டுவதில்லை.

குடமுழுக்குக் காணும் அன்பர் அனைவரும் உடல்நலமும் உளநலமும் பெறுக! நோயுற்றார் மருந்தும் துணையும் பெறுக! அவர்தம் குரலைக் கேட்கும் செவி ஊர்தோறும் பெருகுக! மழை பொழிந்து மலை செழிக்க! சைவம் தழைக்க!

திருச்சிற்றம்பலம்